கிழித்த வீடும் மன்னிப்புக் கேட்ட மகளும்

தெமட்டகொடையில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால் அக்கம்பக்கத்தில் சொல்வது ஒன்றைத்தான்: "லேடி ரிஜ்வேக்குக் கொண்டு போங்கோ." பேஸ்லைன் வீதியில் ஆட்டோ பிடித்து, வெலிக்கடைச் சிறைச்சாலையைத் தாண்டினால் பொரளையில் அந்தச் சிறுவர் வைத்தியசாலை. நானும் அங்கே தூக்கிச் செல்லப்பட்டவள்தான். அந்தப் பெயருக்குரிய சீமாட்டி யார் என்று எங்கள் ஒழுங்கையில் எவரும் கேட்டதில்லை. 1896 முதல் 1903 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ஜோசப் வெஸ்ட் ரிஜ்வேயின் மனைவி அவர்.

அதே ஆளுநரின் பெயர் இந்த நாட்டில் இன்னொரு இடத்திலும் ஒட்டிக்கொண்டது. 1899 ஜனவரி 8ஆம் திகதி ஒரு பெரிய வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. ஆளுநரே ஞானத் தந்தையானார். குழந்தைக்கு சொலமன் வெஸ்ட் ரிஜ்வே டயஸ் பண்டாரநாயக்க என்று பெயர் வைத்தார்கள். 57 ஆண்டுகள் கழித்து, சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்ற சட்டத்தைக் கொண்டுவந்தவர், தன் பெயரின் நடுவில் ஓர் ஆங்கிலேய ஆளுநரைச் சுமந்துகொண்டிருந்தார்.

பண்டாரநாயக்க குடும்பத்தைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் 1956, 1958 என்று ஆண்டுகளின் வழியே எழுதியிருக்கிறோம். அது நியாயமானதும்கூட. நான் இங்கே அதை ஒரு குடும்பக் கதையாகப் பார்க்க முயல்கிறேன். யார் யாருக்கு விசுவாசமாக இருந்தார்கள், யாரிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள், எதற்குக் கேட்கவில்லை என்ற கதை.

தகப்பன் சேர் சொலமன் டயஸ் பண்டாரநாயக்க மகா முதலியார். பிரித்தானியர் காலத்தில் ஒரு சுதேசிக்குக் கிடைக்கக்கூடிய ஆக உயர்ந்த பதவி அது. ஆளுநருக்கும் ஊராருக்கும் இடையில் நிற்பவர், ஆளுநரின் மெய்ப்பாதுகாவலர் வரிசையில் இடம்பெற்றவர், அங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர், நிட்டம்புவவுக்கு அருகே ஹொரகொல்ல வளவின் சொந்தக்காரர். 1929இல் அவர் வெளியிட்ட 'ரிமெம்பர்ட் யெஸ்டர்டேஸ்' என்ற நினைவுக் குறிப்பு நூலில், ஆளுநர்களோடும் அரச குடும்பத்தாரோடும் பழகிய நாட்களைப் பெருமையோடு எழுதியிருக்கிறார். பிரித்தானிய முடிமீது அவருக்கிருந்த விசுவாசத்தில் ஒளிவுமறைவு இல்லை. பிரித்தானியப் பிரபுக்களின் வாழ்க்கையை இலங்கை மண்ணில் நட்டு, நீர் ஊற்றி வளர்த்த வீடு அது.

வேரைத் தோண்டினால் வேறு கதை வருகிறது. 1957இல் ஜேம்ஸ் தேவதாசன் இரட்ணம் 'ட்ரிபியூன்' சஞ்சிகையில் இந்தக் குடும்பத்தின் வம்ச வரலாற்றை எழுதினார். தென்னிந்தியாவிலிருந்து வந்து கோயில் பணியில் அமர்ந்த நீலப்பெருமாள் என்பவரே இவர்களின் மூதாதை என்பது அவருடைய வாதம். சிங்களச் சட்டம் வந்து ஒரு வருடத்தில், பண்டா–செல்வா ஒப்பந்தம் பேசப்பட்ட அதே ஆண்டில், இது வெளிவந்தது. இதை வைத்து நம்மவர்கள் பலர் இன்றும் மேடையில் கைதட்டு வாங்குகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. மூதாதை தமிழராக இருந்ததால் பேரன் செய்தது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

மகன் ஒக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் படித்து, அங்குள்ள மாணவர் பேரவையின் செயலாளராகவும் வந்து, 1925இல் நாடு திரும்பினார். ஊரில் வரவேற்புக் கூட்டம். அங்கே அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று மன்னிப்புக் கேட்டது. சிங்களத்தில் சரளமாகப் பேச முடியவில்லை என்பதற்காக. தகப்பனின் ஆங்கில வீடு தனக்குக் கொடுத்த குறை அது. அந்தக் குறையை ஈடுசெய்வதிலேயே அவருடைய மீதி அரசியல் போனது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கோட்டும் சூட்டும் போய்த் தேசிய உடை வந்தது. தேவாலயம் போய் விகாரை வந்தது. எங்கள் பக்கத்து மருதானைத் தொகுதியில் கொழும்பு மாநகர சபைக்குப் போட்டியிட்டு, தொழிலாளர் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவையே தோற்கடித்தார்.

அதே இளைஞர்தான் 1926இல் பத்திரிகையில் தொடர் கட்டுரைகள் எழுதி, யாழ்ப்பாணத்துக்கும் வந்து உரையாற்றி, இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே பொருத்தம் என்றார். அப்போது அதைத் தமிழ்த் தலைவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழரசுக் கட்சி பிறப்பதற்கு 23 ஆண்டுகள் இருந்தன.

முடிக்கு விசுவாசமான தகப்பனும் அதற்கு எதிரான மகனும் எப்படிச் சமாதானமானார்கள்? மேட்டுக்குடி வீடுகளில் வழக்கமாக நடப்பதுபோல, ஒரு சொத்தின் மூலம். 1940இல் பலாங்கொடையின் ரத்வத்தை வளவுப் பெண்ணான சிறிமாவோவை மகன் மணந்தார். சில ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்தார்கள். 1946இல், தான் இறந்த ஆண்டில், தகப்பன் அவர்களுக்கு ரோஸ்மீட் பிளேஸில் ஒரு மாளிகையைக் கொடுத்தார். அந்தத் தெருவின் பெயரும் ஓர் ஆளுநருடையதுதான். ஹெர்குலிஸ் ரொபின்சன், பின்னாளில் ரோஸ்மீட் பிரபு.

தெமட்டகொடையிலிருந்து அந்த வீடு நடந்து போகக்கூடிய தூரம். தமிழர்களின் தலைவிதி அந்த வீட்டின் முற்றத்தில் ஒரு தடவை எழுதி அழிக்கப்பட்டது.

1957 ஜூலை 26ஆம் திகதி பண்டாரநாயக்கவும் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். பிராந்திய சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம், குடியேற்றங்களில் அந்தச் சபைகளுக்கு அதிகாரம். என் அம்மப்பா அப்போது ஓர் அரச திணைக்களத்தில் எழுதுவினைஞர். அந்தச் செய்தி வந்த பத்திரிகைத் துண்டை வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டார். அவர் நம்பினார். அவரைப் போல் பலர் நம்பினார்கள்.

1958 ஏப்ரல் 9ஆம் திகதி நூற்றுக்கணக்கான பிக்குகளும் அவர்களோடு வந்தவர்களும் ரோஸ்மீட் பிளேஸ் வீட்டின் முன் அமர்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் இனி இல்லை என்பதை எழுத்திலேயே தரவேண்டும் என்றார்கள். அன்றே எழுதிக் கொடுக்கப்பட்டது. "ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது" என்று நாம் சொல்வது அந்த நாளைத்தான். அடுத்த மாதம் கலவரம். அவசரகாலச் சட்டம் மே 27ஆம் திகதிதான் வந்தது. அதற்குள் எத்தனையோ வீடுகள் எரிந்துவிட்டன.

அடுத்த ஆண்டு செப்டெம்பர் 25ஆம் திகதி, அதே வீட்டின் விறாந்தையில் தல்துவே சோமராம என்ற பிக்கு அவரைச் சுட்டார். மறுநாள் இறந்தார். சதியின் மூளை என்று தண்டிக்கப்பட்ட மாப்பிட்டிகம புத்தரக்கித தேரர், 1956இல் அவரை ஆட்சிக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் ஒருவர். காயப்பட்ட நிலையில் நாட்டுக்கு விடுத்த செய்தியில், தன்னைச் சுட்டவர்மீது பழிவாங்க வேண்டாம், கருணை காட்டுங்கள் என்று பண்டாரநாயக்க கேட்டுக்கொண்டார். அவருடைய வாழ்க்கையில் நான் தயக்கமின்றி மதிக்கும் கணம் அது. ஆனால் அவருடைய அரசு நிறுத்தி வைத்திருந்த தூக்குத் தண்டனை அவருடைய கொலையோடு திரும்பி வந்தது. சோமராம 1962இல் தூக்கிலிடப்பட்டார். தூக்குமேடைக்குப் போகுமுன் அவர் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றிருந்தார். கிறிஸ்தவராகப் பிறந்து பௌத்தரானவரைக் கொன்ற பிக்கு, கிறிஸ்தவராக இறந்தார்.

விதவையான சிறிமாவோ 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமரானார். கணவன் விட்டுச்சென்ற பாதையிலிருந்து அவர் விலகவில்லை. 1961 ஜனவரியிலிருந்து சிங்கள மொழி நிர்வாகம் இறுக்கமாக நடைமுறைக்கு வந்தது. அம்மப்பா 40 வயதுக்கு மேல், சமையலறை மேசையில், பிள்ளைகளின் சிங்கள அரிவரிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சோதனைக்குப் படித்தார். முதல் படியில் தேறினார். அடுத்ததில் தேறவில்லை. சம்பள உயர்வு நின்றது. ஓய்வை முன்கூட்டியே எடுத்தார். இதைவிடப் பெரிய காயங்கள் இந்த நாட்டில் உண்டு என்பது எனக்குத் தெரியும். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டது, ஒரு வார்த்தைகூட அவர்களைக் கேட்காமல். 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாட்டில் உயிர்கள் போயின. ஆனாலும் எங்கள் வீட்டில் அந்த ஆட்சி என்றால் அரிவரிப் புத்தகம்தான்.

சிறிமாவோவின் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1972 மே 22ஆம் திகதி இலங்கை குடியரசானது. பிரித்தானிய முடியோடிருந்த கடைசிக் கட்டும் அறுந்தது. மகா முதலியாரின் மருமகளே அதை அறுத்தார். அதே ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. இவர்களுடைய சொந்தக் காணிகளும் போயின. தங்கள் வர்க்கத்துக்கு விசுவாசமில்லாமல் நடக்கும் துணிவு இந்தக் குடும்பத்துக்கு இருந்தது. இதைத் தமிழ் வாசகர்கள் அவ்வளவாக ஒப்புக்கொள்வதில்லை. அதே 1972 அரசியலமைப்புதான் சிறுபான்மையினருக்கிருந்த 29ஆம் பிரிவின் பாதுகாப்பை நீக்கி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. இரண்டையும் செய்தது ஒரே கை.

பிள்ளைகள் மூவர். சுனேத்ரா, சந்திரிகா, அனுர. 1980 ஒக்டோபரில் ஜே.ஆர். ஜயவர்தன அரசு சிறிமாவோவின் குடியியல் உரிமையைப் பறித்தது. அங்கிருந்து பிள்ளைகளின் சண்டை வெளியே வந்தது. சந்திரிகாவும் அவருடைய கணவரான நடிகர் விஜய குமாரதுங்கவும் 1984இல் தாயின் கட்சியை விட்டு விலகித் தனிக் கட்சி தொடங்கினார்கள். மச்சான்மார் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. விஜய, 1986இல் யாழ்ப்பாணம் வந்து கிட்டுவைச் சந்தித்த சிங்களத் தலைவர். 1988 பெப்ரவரி 16ஆம் திகதி அவரைத் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். சந்திரிகா சிறிது காலம் வெளிநாட்டில் இருந்தார். திரும்பி வந்தபோது தாயின் கட்சிக்கே வந்தார். தாயின் சாய்வு எந்தப் பிள்ளையின் பக்கம் என்பது தெளிவானதும், 1993இல் அனுர எவரும் எதிர்பாராத காரியத்தைச் செய்தார். தகப்பனின் பரம எதிரியான ஐக்கிய தேசியக் கட்சியில் சேர்ந்தார்.

1994க்குப் பின் நாடாளுமன்றத்தைக் கற்பனை செய்து பாருங்கள். அக்கா ஜனாதிபதி. அம்மா பிரதமர். தம்பி எதிர்க்கட்சி வரிசையில். 2000 ஒக்டோபர் 10ஆம் திகதி, தேர்தல் நாளன்று, வாக்களித்துவிட்டுத் திரும்பும் வழியில் சிறிமாவோ இறந்தார். அடுத்த சில நாட்களில் கூடிய நாடாளுமன்றம் அனுரவைச் சபாநாயகராக்கியது. ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் சேர்ந்தே அதைச் செய்தன. அடுத்த ஆண்டு அவர் அக்காவின் பக்கம் வந்துசேர்ந்தார். 2008 மார்ச்சில் இறந்தார். குடும்பத்துக்குள் சமாதானம் ஏற்பட ஒரு செத்த வீடு போதுமாக இருந்தது. நம் வீடுகளிலும் அப்படித்தானே.

வெளியே கேட்கவேண்டிய மன்னிப்பு வேறு.

2004 ஜூலையில், கறுப்பு ஜூலையின் 21ஆவது ஆண்டில், ஜனாதிபதி சந்திரிகா அரசின் சார்பிலும் நாட்டு மக்கள் அனைவரின் சார்பிலும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இலங்கையின் அரச தலைவர் ஒருவர் தமிழர்களிடம் அப்படி வெளிப்படையாகக் கேட்டது அபூர்வம். முன்னாள் பிரதம நீதியரசர் சுப்பையா சர்வானந்தா தலைமையில் அவர் நியமித்திருந்த உண்மை ஆணைக்குழு 1981 முதல் 1984 வரையிலான வன்முறைகளை விசாரித்திருந்தது. பாதிக்கப்பட்ட 937 பேருக்கு மொத்தம் ஏறத்தாழ 7 கோடி 20 இலட்சம் ரூபா நட்டஈடு என்று முடிவானது. ஆளுக்குச் சராசரியாக 77,000 ரூபா அளவில், 21 வருடங்கள் கழித்து.

1983 ஜூலை 24 இரவு பொரளைக் கனத்தை மயானத்தில் தொடங்கிய தீ எங்கள் பக்கத்துக்கு வர அதிக நேரம் எடுக்கவில்லை. அம்மாவுக்கு அப்போது 17 வயது. ஒழுங்கையின் முஸ்லிம் குடும்பமொன்று இரண்டு இரவுகள் இவர்களைத் தங்கள் பின்னறையில் வைத்திருந்தது. பிறகு இரத்மலானை இந்துக் கல்லூரி முகாம். அதே நாட்களில்தான், நாம் இன்று தினமும் கடந்துபோகும் வெலிக்கடைச் சிறைக்குள், 25ஆம் திகதியும் 27ஆம் திகதியும், 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள்.

இங்கேதான் எனக்குள்ள கேள்வி. 1983இல் ஆட்சியில் இருந்தது ஜயவர்தன. சிறிமாவோ குடியியல் உரிமை இழந்து வீட்டில் இருந்தார். அதாவது மகள் மன்னிப்புக் கேட்டது தன் குடும்பத்தின் குற்றத்துக்காக அல்ல, தன் குடும்பத்தின் எதிரிகள் செய்த குற்றத்துக்காக. (ஒரு விபரம் மட்டும் சற்று உறுத்துகிறது. 6ஆவது திருத்தச் சட்டத்தால் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் நாடாளுமன்றத்தை இழந்தபோது, அமிர்தலிங்கம் இருந்த எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி 1983 நவம்பரில் அனுரவிடம் வந்தது.) 1956, 1958, 1961, 1972 ஆகியவைதான் அந்த வீட்டுக்கணக்கு. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி தேவாலயத்தில் விழுந்த குண்டுகள் அவருடைய சொந்தக் கணக்கு. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் இறந்தார்கள்.

சொந்தக் குடும்பத்தின் குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பது எப்படியிருக்கும் என்பதற்கு அண்மைய உதாரணம் ஒன்று பிரித்தானியாவிலேயே உண்டு. ட்ரெவெல்யன் குடும்பம் அங்கே பழம்பெரும் பிரபுக் குடும்பங்களில் ஒன்று. அவர்களில் ஒருவரான சேர் சார்ல்ஸ் ட்ரெவெல்யன் 1859இல் மதராஸின் ஆளுநராக வந்தவர். அதற்குமுன் அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த திறைசேரி அதிகாரி என்று ஐரிஷ் மக்கள் இன்றும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்தக் குடும்பத்துக்குக் கரீபியத் தீவான கிரெனடாவில் கரும்புத் தோட்டங்களும் 1,000க்கும் மேற்பட்ட அடிமைகளும் இருந்தன. அடிமை முறை ஒழிந்தபோது பிரித்தானிய அரசு நட்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, சொந்தக்காரர்களுக்கு. 2023 பெப்ரவரி 27ஆம் திகதி, பிபிசி செய்தியாளராக இருந்த லோரா ட்ரெவெல்யனும் உறவினர்களும் கிரெனடாவுக்கே போய், உறவினர்கள் பலர் கையெழுத்திட்ட மன்னிப்புக் கடிதத்தை வாசித்தார்கள். லோரா தன் பணத்திலிருந்து 100,000 பவுண் கொடுத்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் கிளாட்ஸ்டன் குடும்பத்தினர் கயானாவுக்குப் போனார்கள். அங்கே சிலர் இது போதாது என்று பதாகை பிடித்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ட்ரெவெல்யன்கள் ஐந்தாறு தலைமுறை தள்ளி நின்று கேட்டார்கள். அந்த மூதாதையரின் மடியில் அவர்கள் யாரும் இருந்ததில்லை. சந்திரிகாவுக்கு அந்த இடைவெளி இல்லை. அது தகப்பன். அந்தப் பெயரில்தான் வாக்கும் வந்தது.

அதற்காக அவர் எதுவும் செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். 1995 ஓகஸ்டில் அவர் முன்வைத்த அதிகாரப் பரவலாக்கல் யோசனைகள், நாட்டைப் பிராந்தியங்களின் ஒன்றியமாக்கப் பார்த்தன. நீலன் திருச்செல்வம் அதற்கு உழைத்தவர். 1999 ஜூலையில் நீலனைக் கொன்றது புலிகளின் தற்கொலைக் குண்டு. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு குண்டு சந்திரிகாவின் வலது கண்ணைப் பறித்தது. 2000 ஓகஸ்டில் அந்த யோசனை அரசியலமைப்பு வரைவாகச் சபைக்கு வந்தபோது, ஐக்கிய தேசியக் கட்சியினர் பிரதிகளைச் சபைக்குள்ளேயே எரித்தார்கள். தகப்பன் கையெழுத்திட்டுக் கிழித்ததை விடவும் அதிகமானதை மகள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். என் கணிப்பில் அவருடைய உண்மையான மன்னிப்பு 2004இல் அல்ல, அந்த வரைவில்தான் இருந்தது. வாயால் தகப்பனைக் குற்றவாளியாக்காமல், தகப்பன் விட்ட இடத்திலிருந்து திருத்தி எழுதப் பார்த்திருக்கிறார். ஒரு கையில் அதை வைத்துக்கொண்டே மற்றக் கையால் யாழ்ப்பாணத்தின்மீது யுத்தம் நடத்தினார் என்பதையும் அதோடு சேர்த்தே எழுதவேண்டும். 2015இல் தேசிய ஒற்றுமைக்கும் நல்லிணக்கத்துக்குமான அலுவலகத்தின் தலைமை அவரிடம் வந்தபோது எங்கள் வீட்டில் எவரும் துள்ளிக் குதிக்கவில்லை. திட்டவுமில்லை.

2004இல் அந்த மன்னிப்புச் செய்தி தொலைக்காட்சியில் போன இரவு எனக்கு நினைவிருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அம்மம்மா சாய்மனைக் கதிரையில், அம்மா வாசற்படியில் வெங்காயம் உரித்தபடி. அம்மப்பா இறந்து ஆறேழு வருடம். செய்தி முடிந்ததும் அம்மம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"அவ எண்பத்திமூண்டுக்குத்தானே கேட்டவ? அப்ப இவற்ற சிங்களச் சோதினைக்கு ஆர் கேக்கிறது?"

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தகப்பனைச் சுடேக்க அந்தப் பிள்ளைக்குப் பதினாலு வயசு அம்மா" என்றார். வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிஸ்கட் டின் இப்போது என்னிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக அதைத் திறந்தேன். பத்திரிகைத் துண்டு மஞ்சளாகி, மடித்த இடத்தில் எழுத்து அழிந்துபோயிருந்தது. அதன் அடியில், கடைசிப் பக்கங்கள் இல்லாத சிங்கள அரிவரிப் புத்தகம். அதை அவர் ஏன் எறியாமல் வைத்திருந்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். "அரசாங்கத்தின்ர சாமான் எண்டு நினைச்சிருப்பார்" என்றார்.